பித்தளைக் கிளிப்புக்காக நான் கொடுத்த ரெண்டு தாள்

விருத்தாசலம் ஜங்ஷனுக்கு எதிரே சைக்கிள் கடை ஓரத்தில் ஒரு மேசையைப் போட்டு, ‘செம்பு, பித்தளை, வெண்கலம்: சந்தேகம் கேட்கலாம்’ என்று பலகை மாட்டினவன் நான். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ‘சந்தேகம்’ என்ற வார்த்தையைக்கூட பெயிண்டர்தான் சரியாக எழுதிக் கொடுத்தார். பீங்கான் கம்பெனிக்காரர்கள் சிரித்தார்கள். “சந்தேகம் கேக்கறதுக்கெல்லாம் ஒரு கடையா?” என்று டீக்கடையில் ஆறு மாசம் இதே பேச்சு.

அந்த மேசைதான் இன்றைக்கு நீங்கள் உட்கார்ந்திருக்கும் மூன்று அறை. எண்ணெய் டிரம்மை வெட்டி உலோகம் உருக்குகிற முதல் அடுப்பைச் செய்தது நான். உடைந்த பாகங்களைக் காயலான் கடைக்குப் போடாமல், எங்கே இருந்தது, எப்படி உடைந்தது என்று சீட்டு கட்டி அலமாரியில் அடுக்க வைத்தது நான். சர்க்கரை ஆலைக்கு வெண்கலப் பாகம் வார்க்கிற பெண்ணாடம் பட்டறைகள், மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்கள், பாத்திரக் கடைக்காரர்கள், இந்த ஊர் பீங்கான் கம்பெனிகள் நாற்பது, எல்லாரையும் ஒரே சங்கத்தில் உட்கார வைத்து, அந்தச் சங்கத்துக்கு இந்த ஆலோசனை மையத்தைக் கட்டிக் கொடுத்தது நான். கையில் முதல் கிடையாது, சிபாரிசு கிடையாது, இங்கிலீஷ் கிடையாது. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

புதிதாக வந்திருக்கும் நீங்கள் ஆறு பேரும் டிகிரி படித்தவர்கள். எந்தக் கலவையில் செம்பு எவ்வளவு, எந்த மிஷினை எப்படி ஓட்டுவது என்றெல்லாம் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது ஒரு பித்தளைக் கிளிப்பைப் பற்றி.

லில்லியம்மா என்று ஒருவர், சேலம் ரோட்டில் பீங்கான் கம்பெனி நடத்தினார். ஃப்யூஸ் கேரியர் செய்வார். வீட்டு மீட்டர் போர்டில் பார்த்திருப்பீர்கள், வெள்ளைப் பீங்கான் கட்டை, அதற்குள் கம்பியைப் பிடித்துக்கொள்ள வளைந்த பித்தளைக் கிளிப். பீங்கானை அவரே சுடுவார். பித்தளைத் தகடு மங்கலம்பேட்டை ஜமால் பாய் கடையிலிருந்து வரும். பாய் இருபத்திரண்டு வருஷம் துபாயில் வேலை பார்த்துவிட்டு, போதும் இனிமேல் பிள்ளைகளோடு இருப்போம் என்று திரும்பி வந்து, கொண்டு வந்ததையெல்லாம் தகட்டு வியாபாரத்தில் போட்டவர். ஊரில் பாதிக் கம்பெனிக்கு அவர் தகடுதான்.

ஒரு மழைக்காலம் முடிந்த சமயம். லில்லியம்மா கம்பெனியில் பெரிய ஆர்டர் ஒன்று தயாராகி, வாங்குகிற கம்பெனி வண்டி அனுப்பத் தாமதம் செய்ததால் மூன்று மாசம் கோடவுனில் கிடந்தது. கடைசியில் அவர்கள் ஆள் வந்து பெட்டியைத் திறந்து, ஒரு கிளிப்பைக் கட்டை விரலால் அழுத்தினார். ‘டிக்’கென்று வளைவில் உடைந்தது. அடுத்தது, அதுவும். பத்து எடுத்தால் ஏழு உடைந்தது. நாலு நாளில் காரணத்தோடு பதில் வேண்டும், இல்லாவிட்டால் இனி இந்த ஊரிலிருந்தே வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

லில்லியம்மா ஒரு துண்டில் கிளிப்புகளை முடிந்துகொண்டு நம் மையத்துக்கு வந்தார்.

“அண்ணே, இன்னிக்கே சொல்லுங்க. நாளைக்குன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிடும்.”

நான் ஒரு கிளிப்பை எடுத்து உடைந்த வாயைப் பார்த்தேன். நல்ல பித்தளை உடைந்தால் வாய் மஞ்சளாக மினுக்கும். இது கருத்துப்போய் இருந்தது. தரையில் போட்டுச் சத்தம் கேட்டேன். அரம் போட்டேன். மூன்று நிமிஷம் ஆகியிருக்காது.

“கலப்படம். காயலான் சாமான உருக்கித் தகடு அடிச்சிருக்கான். ஈயம் ஏறியிருக்குது.”

அப்போது என்னோடு ஒரே ஒரு இன்ஜினியர் சார்தான். உலோகப் படிப்பு படித்தவர், அதிகம் பேச மாட்டார். அவர் மெதுவாகச் சொன்னார்: “ஐயா, கெட்ட தகடுன்னா பிரஸ்ஸுல வளைக்கும்போதே உடைஞ்சிருக்கணுமே? மூணு மாசம் சும்மா இருந்துட்டு இப்ப ஏன் உடையுது? சென்னைக்கு லேபுக்கு அனுப்பலாம். பத்து நாள் ஆவும்.”

“பத்து நாளா? இந்தம்மாவுக்கு இருக்கறது நாலு நாளு. நீங்க எழுதுங்க சார், நான் சொல்றேன்.”

அவர் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். ஒரு நகல் வாங்குகிற கம்பெனிக்குப் போனது. மறுநாள் சங்கக் கூட்டத்தில் நாற்பது பேர் முன்னால் அதைப் படித்தார்கள். ஜமால் பாயிடம் யாரும் தகடு வாங்க வேண்டாம் என்று அன்றைக்கே முடிவானது. நான் சொன்னால் அவ்வளவு மதிப்பு. அந்த மதிப்பை வாங்க எனக்கு இருபது வருஷம் ஆனது. அதை எப்படிச் செலவழித்தேன் பாருங்கள்.

மூன்றாம் நாள் பாய் வந்தார். சத்தம் போடவில்லை. பையிலிருந்து ஒரு தகட்டுத் துண்டை எடுத்து மேசையில் வைத்தார்.

“மேஸ்திரி, இது அதே சுருள்ல மிச்சம். நீங்களே வளைங்க.”

வளைத்தேன். உடையவில்லை.

“கடையில நல்லத வச்சிக்கிட்டு அந்தம்மாவுக்கு வேறத குடுத்திருப்பீங்க பாய். நான் எத்தினி பேரப் பாத்திருக்கேன்.”

“நீங்க எத்தினி பேரப் பாத்திருந்தாலும் என்னப் பாக்கல. அந்தத் தகட்டுல ஒரு சுருள்தான் வந்துது. ரெண்டாம் சுருள் இருந்தா காட்டுங்க, கடைய உங்க பேருக்கே எழுதிக் குடுத்துடறேன்.”

“தாளு குடுத்தாச்சி பாய்.”

“தாளு குடுத்தாச்சின்னா? அது என்ன, குர்ஆனா?”

எழுந்து போய்விட்டார். அவர் போன பிறகு டீ குடித்தேன். நன்றாகத்தான் தூங்கினேன் அன்றைக்கு. பொய் சொல்லக் கூடாது.

இன்ஜினியர் சார் எனக்குச் சொல்லாமல் உடைந்த கிளிப்புகள் நாலை லேபுக்கு அனுப்பியிருந்தார். பதில் வந்தது. செம்பு எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு. துத்தநாகம் சரி. ஈயம் இல்லை. தாளை என் முன்னால் வைத்துவிட்டு, தப்பு செய்தவர் போல அவர்தான் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

“உங்க லேபுக்காரங்களுக்குக் கண்ணு இருக்குதா?” என்று கேட்டேன். 

அந்தத் தாளை மேசை டிராயரில் வைத்தேன். ரெண்டு நாள் வைத்திருந்தேன். லேப் சொல்வது சரியென்றால் கிளிப் ஏன் உடைந்தது? அது தெரியாமல் போய் ‘நான் சொன்னது தப்பு’ என்று மட்டும் சொன்னால் அடுத்த முறை யார் என் மேசைக்கு வருவார்கள்? இப்படித்தான் யோசித்தேன். அந்த ரெண்டு நாளில் ஒரு சேதி வந்தது. ஜமால் பாய் பழைய முதலாளிக்குப் போன் போட்டு விசா வாங்கிவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை பிளைட். கடையைத் தம்பி பார்த்து விற்றுவிடுவான். ஐம்பத்தி மூணு வயசில் மறுபடியும் துபாய்.

பெண்ணாடத்தில் எனக்குத் தெரிந்த வார்ப்படக்காரர் ஒருவர் இருந்தார். எனக்கு வெண்கலம் வார்க்கக் கற்றுக் கொடுத்தவர் அவர். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. சனிக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். கரும்பு டிராக்டர்களுக்கு நடுவில் பஸ் ஊர்ந்துபோய்ச் சேர ஒன்றரை மணி நேரம். உடைந்த கிளிப்புகளை அவர் முன்னால் கொட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கிளிப்பைத் தொடவே இல்லை.

“ஒடைஞ்சதையே கொண்டாந்திருக்க. ஒடையாதது எங்க?”

“பத்துல மூணு ஒடையலங்க.”

“அத சொல்லல. அதே நாளுல செஞ்சி, வேற எங்கயாச்சும் இருக்கறது. ஒண்ணாவது இருக்குமில்ல? அதப் போயித் தேடு. போ, பஸ்ஸு போயிடும்.”

டீகூடக் கொடுக்கவில்லை.

திரும்பி வந்து நேராக லில்லியம்மா கம்பெனிக்குப் போனேன். ஆபீஸ் சுவரில் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள், வருகிறவர்களுக்குக் காட்ட. அதில் அதே ஆர்டரிலிருந்து எடுத்த ஃப்யூஸ் கேரியர் ஆறு. கழற்றி ஒவ்வொரு கிளிப்பாக அழுத்தினேன். ஒன்றும் உடையவில்லை. பேக்கிங் செய்கிற பெண் ஒருவர் அதே நாளில் ரெண்டு எடுத்துப்போய் வீட்டில் மாட்டியிருந்தார்.

“கேக்காம எடுத்துட்டுப் போனேங்க. அதுக்கா வந்தீங்க?” என்று பயந்தார்.

“நீ எடுத்தது நல்லதாப் போச்சிம்மா. வூட்டக் காட்டு.”

வீட்டில் மாட்டியது ரெண்டும் இரும்பு மாதிரி இருந்தது. ஒரே தகடு, ஒரே பிரஸ், ஒரே நாள். ஆபீஸில் இருந்தது நல்லது, வீட்டில் இருந்தது நல்லது, கோடவுனில் இருந்தது மட்டும் உடைகிறது. இதைப் புரிந்துகொள்ள ஏழாவதுகூட வேண்டாம். ஆனாலும் அன்றுவரை நான் அந்தக் கோடவுன் பக்கம் போகவில்லை. உலோகத்தைப் பார்ப்பவன் கோடவுனை ஏன் பார்க்க வேண்டும் என்ற திமிர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்ஜினியர் சாரையும் கூட்டிக்கொண்டு போனேன். ஷட்டரைத் தூக்கியதும் கண் எரிந்தது. சாவி வைத்திருந்த அம்மா சிரித்தார்.

“மொதல்ல அப்படித்தாங்க இருக்கும். செத்த நேரம் தொறந்து வச்சிட்டு உள்ள போங்க. எனக்குப் பழகிடிச்சி.”

“என்னம்மா வாடை இது?”

“பாதி கோடவுன் உரக்கடைக்காரருது. மழையில ஒழுகி யூரியா மூட்ட அத்தனையும் நனைஞ்சிப்போச்சி. பீங்கான் பொட்டிக்குக் கட்டிவச்ச வைக்கோலும் ஊறிக் கெடக்குது. மாட்டுக் கொட்டா தேவலாம்.”

வாடகை பாதியாகும் என்று இந்த ஊரில் பலரும் செய்கிற ஏற்பாடு அது. பீங்கானுக்கு எந்த வாடையும் ஒன்றும் செய்யாது. ஆகவே யாருக்கும் தோன்றவில்லை. பெட்டிக்குள் இருப்பது பீங்கான் மட்டுமில்லை என்பது எல்லாருக்கும் மறந்துபோயிற்று, எனக்கும் சேர்த்து.

இன்ஜினியர் சார் மூக்கைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு, “ஐயா, அமோனியா!” என்றார். “வளைச்ச பித்தளைக்கு அது ஆவாது ஐயா. வளைச்ச எடத்துல ஒரு இழுப்பு உள்ளயே தங்கிடும். அமோனியாக் காத்து பட்டா அங்கதான் விரிசல் உடும். பரீட்சையில எழுதியிருக்கேன்.”

“பரீட்சையில எழுதுனத என்கிட்ட ஏன்யா சொல்லல?”

“நீங்க மூணு நிமிஷத்துல முடிச்சிட்டீங்களே ஐயா.”

அவர் என்னிடம் அப்படிப் பேசியது அது ஒரு தடவைதான்.

பாய் கொடுத்துவிட்டுப் போன தகட்டுத் துண்டு இருந்தது. அதில் புதுக் கிளிப் இருபது வளைத்தோம். ஊறுகாய் ஜாடி ரெண்டு வாங்கி, இரண்டிலும் அமோனியா நனைத்த பஞ்சு போட்டு மூடினோம். ஒன்றில் வளைத்தபடியே பத்து. இன்னொன்றுக்குப் போட வேண்டிய பத்தை முதலில் சூடு காட்ட வேண்டும் என்றார் சார், அப்போதுதான் அந்த இழுப்பு போகும். எவ்வளவு சூடு என்று கணக்குச் சொன்னார். அதற்கு ஒரு மின்சார அடுப்பு வாங்க வேண்டும் என்றும் சொன்னார். நான் அவரை லில்லியம்மா சூளைக்குக் கூட்டிப் போனேன். சுட்டு முடித்து ஆறுகிற சூளையின் மேல்தளத்தில் அதே சூடு மணிக்கணக்கில் சும்மா வீணாகப் போகிறது. இரும்புத் தட்டில் கிளிப்பைப் பரப்பி அங்கே வைத்தோம். இன்றைக்கு நாற்பது கம்பெனியும் அப்படித்தான் செய்கின்றன. அந்த யோசனை என்னுடையது.

செவ்வாய்க்கிழமை ஜாடிகளைத் திறந்தோம். சூடு காட்டாத பத்தில் ஒன்பது விரலுக்கே உடைந்தது. வாய் கருப்பு. சூடு காட்டிய பத்தும் நன்றாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பிளைட். நான் சங்கத் தலைவரிடம் போனேன். அவர் நல்லவர், விவரமானவர். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“பிரமாதம் மேஸ்திரி. கோடவுன்ல உரம் வைக்காதீங்க, கிளிப்ப சூளை மேல சூடு காட்டுங்கன்னு ஒரு சுற்றறிக்கை உட்டுடுவோம். வாங்கற கம்பெனிக்கும் அதையே அனுப்பலாம். பழைய தாளப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க.”

“ஜமால் பாய் கேப்பாரு.”

“அவருதான் பிளைட்டு ஏறப்போறாரே.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மையத்தின் பெயர் கெட்டால் எல்லாருக்கும் நஷ்டம். நானும் சரி என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன். புதன்கிழமை முழுக்க அந்தச் சரியோடு உட்கார்ந்திருந்தேன். எதிரில் சீட்டு கட்டின அலமாரி. எல்லாவற்றிலும் எங்கே இருந்தது, எப்படி உடைந்தது என்று எழுதியிருக்கிறது. யார் தப்பாகச் சொன்னார்கள் என்று எழுத அந்தச் சீட்டில் இடமே நான் விடவில்லை. அது அன்றைக்குத்தான் உறைத்தது.

சாயங்காலம் ஒரு தாளை எடுத்து நானே எழுதினேன். முதல் தாளை இன்ஜினியர் சார் கையால் எழுத வைத்தேன். இதை அவர் தலையில் கட்டக் கூடாது. எழுத்துப் பிழை நிறைய. ‘தகடு நல்ல தகடு. நான் கோடவுனைப் பார்க்காமல் சொன்னேன். தப்பு என்னுடையது.’ அவ்வளவுதான் விஷயம், அரைப் பக்கம் ஆனது.

வியாழக்கிழமை காலையில் மங்கலம்பேட்டை. கடையில் பாதிச் சுருள்கள் இல்லை. பாய் தாளைப் படித்தார். ரெண்டு தடவை படித்தார். மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

“மொத தாள நாப்பது பேரு முன்னால படிச்சாங்க மேஸ்திரி. இத தனியா கொண்டாந்து கையில குடுத்தா நான் என்ன பண்றது? பொட்டியில வச்சி துபாய்க்கு எடுத்துட்டுப் போவட்டுமா?”

“இன்னிக்கு மூணு மணிக்கு கூட்டம் போடச் சொல்றேன். நீங்களும் வரணும்.”

“யாரு படிப்பாங்க?”

“நான்தான்.”

“நீங்களா?” என்றார். ஒரு மாதிரி சிரித்தார். “அப்ப வரேன்.”

தலைவருக்குக் கோபம். இருந்தாலும் கூட்டம் கூடியது. நான் எழுந்து படித்தேன். என் கையெழுத்தே எனக்குப் புரியாமல் ரெண்டு இடத்தில் நின்றேன். பின்னாலிருந்து ஒருவர், “மேஸ்திரி எழுத்துக் கூட்டி முடிக்கறதுக்குள்ள பாய் பிளைட்ட உட்டுடுவாரு” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் விடாமல் கடைசி வரை படித்தேன். பிறகு ஜாடிகளைக் காட்டினேன். கோடவுன் கிளிப்பையும் சூடு காட்டினதையும் அவர்களே எடுத்து அழுத்திப் பார்த்தார்கள்.

லில்லியம்மா எழுந்தார். “பாய், எனக்குத் திங்கக்கெழமைக்குள்ள ரெண்டு சுருள் வேணும். அந்த ஆர்டர நான் திரும்பச் செய்யணும். நீங்க இருப்பீங்களா, மாட்டீங்களா?”

பாய் எழுந்து வாசலுக்குப் போய்ப் போனில் பேசினார். கதவு திறந்துதான் இருந்தது. “பொட்டியப் பிரிச்சிடு,” என்றார். “ஆமா. எல்லாத்தையும்தான். ஏன் அழுவற இப்ப?”

அவர் போகவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்றைக்கும் தகடு அவரிடமிருந்துதான் வருகிறது. ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை அவர் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்ததில்லை. என் பெண் கல்யாணத்துக்கு வந்தார், மொய் வைத்தார், சாப்பிடாமல் போனார். அது அவர் கணக்கு. நான் கேட்கவில்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: அவசரப்படுத்துகிறவர்களுக்கு நாலு நாள்தான் இருக்கும். அதற்காக நீங்கள் மூன்று நிமிஷத்தில் பேசக் கூடாது. உடையாததைத் தேடிவிட்டுப் பேசுங்கள்.

இப்போது ஒரு விஷயம். மையத்திலிருந்து புதியவர்களுக்கு என்று கையேடு அச்சடித்து, எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறார்கள். தாள் நல்ல தாள். அதில் பதினேழாம் பக்கத்தில், ‘ஈர உரத்திலிருந்து வரும் அமோனியாவால் வளைத்த பித்தளை விரிசல் விடும் என்பது மையத்தின் ஆய்வில் கண்டறியப்பட்டது, சூளையின் ஆறும் வெப்பத்தைப் பயன்படுத்தும் முறை உருவாக்கப்பட்டது’ என்று போட்டிருக்கிறது. கண்டறியப்பட்டதாம், உருவாக்கப்பட்டதாம். யாரால்? சுவரா எழுந்து போய்க் கண்டுபிடித்தது?

அடுத்த முறை அச்சடிக்கும்போது நீங்கள் அந்தப் பக்கத்தை மாற்ற வேண்டும். அமோனியா என்று சொன்னவர் இன்ஜினியர் சார், அவர் பெயரைப் போடுங்கள். கோடவுனைத் திறந்து பார்த்தவன், சூளை மேல் தட்டு வைக்கச் சொன்னவன் நான். என் பெயரைப் போடுங்கள், இனிஷியலோடு, மேஸ்திரி என்று போட்டுத் தப்பித்துக்கொள்ளாமல். அதற்கு மேலே இன்னொரு வரி சேர்க்க வேண்டும்: முதலில் தகட்டின் மேல் பழி போட்டுத் தவறான தாள் கொடுத்தது யார் என்று. அங்கேயும் அதே பெயரை, அதே அளவு எழுத்தில் போட வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அச்சுக்குப் போகும் முன் அந்தப் பக்கத்தை என் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டுங்கள். ஒரு பிரதியை மங்கலம்பேட்டைக்கும் அனுப்புங்கள்.